காபி தீரும் வரை முள் இறங்கக் கூடாது

குழாய் வேலைன்னா தண்ணியோட மல்லுக்கட்டுற வேலைன்னு நெனைச்சு என்னை மாதிரி இதுல வந்து மாட்டுனவங்க நெறையப் பேரு இருப்பீங்க. வந்த பிறகுதான் தெரிஞ்சிருக்கும், இது முழுக்க முழுக்க வீட்டுக்காரங்களோட மல்லுக்கட்டுற வேலைன்னு.

நான் தொழில் கத்துக்கிட்டது கொழும்புல. அங்கன பெரிய பெரிய பங்களாவுக்கெல்லாம் குழாய் பூட்டுனவன். பிரஜா உரிமை இல்லாதவன் ஊரைப் பாத்துப் போகலாம்னு அந்த நாட்டுல மரியாதையாச் சொல்லிட்டாங்க. குழாய் முறுக்குற ஒரு ரெஞ்சையும், மரை வெட்டுற அச்சையும் தூக்கிக்கிட்டு தலைமன்னார்ல கப்பல் ஏறி தனுஷ்கோடியில இறங்குனேன். எங்க ஊரு தேவிபட்டினத்துக்கும் உப்பூருக்கும் நடுவுல, கடலை ஒட்டுனாப்புல இருக்கு. பேரைச் சொல்ல மாட்டேன். இதுல வாரவங்க எல்லாம் இன்னும் அங்கனதான் இருக்காங்க, நானும் அந்தத் தெரு வழியாத்தான் நடந்தாகணும்.

ஊருல அப்பக் குழாயே கிடையாது. கிணத்துல பூராவும் உப்பு. நல்ல தண்ணி மாட்டுவண்டியில பீப்பாய்ல வரும். இப்பிடிப்பட்ட ஊருக்குக் குழாய் பூட்டுறவன் வந்து இறங்குனா எப்பிடி வரவேற்பாங்க? எங்க அக்கா வீட்டுக்காரரு அருளப்பன் மச்சான் மட்டும் நல்லா வரவேற்றாரு. "ரெஞ்சைக் கடல்ல போட்டுட்டு நம்ம படகுல ஏறு மாப்ளே"ன்னாரு. எனக்குப் படகு ஏறுனா வாந்தி. கடக்கரையில பிறந்தவனுக்குக் கடல் ஒத்துக்காதுன்னு வெளிய சொன்னா எவன் பொண்ணு குடுப்பான்? பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நாள் போனேன். மீனுக்குத் தீனி போட்டதுதான் மிச்சம்.

அப்பத்தான் ஊருக்குக் குடிதண்ணித் திட்டம் வந்துச்சு. ஆபீஸ்ல இருந்து வந்த ஓவர்சியரு எனக்கு ஒரு தற்காலிக பெர்மிட்டு குடுத்தாரு. மேலத்தெரு வீடுகளுக்கு நான் குழாய் பூட்டணும். ஒவ்வொரு வீட்டையும் அவரு பிரஷர் டெஸ்ட் பண்ணுவாரு. எல்லா வீடும் தேறுனா எனக்கு லைசென்ஸ். ஒரு வீட்டுல கசிஞ்சாலும் பெர்மிட்டைக் கிழிச்சுப் போடுவாரு, நான் மச்சான் படகுக்குத் திரும்பணும். டெஸ்டுன்னா என்னன்னா, குழாய் பூராவும் தண்ணிய ரொப்பி, எல்லா வாயையும் அடைச்சு, ஒரு கைப்பம்பை மாட்டி அமுக்குவாரு. பம்புல ஒரு மீட்டர். அதுல முள்ளு ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் நிறுத்திருவாரு. அப்புறம் திண்டு பாத்து உக்காந்து, "காபி இருக்கா?"ம்பாரு. அவரு கையில இருந்த கடிகாரம் என்னைக்கோ நின்னு போச்சு. அதனால காபிதான் கணக்கு. அவரு குடிச்சு முடிக்கிற வரைக்கும் முள்ளு இறங்கக் கூடாது. அரசாங்கம் இந்த நாட்டுல எதை எதையோ வச்சு அளக்குது, காபியை வச்சு அளந்தா என்ன கெட்டுப்போச்சு?

குழாய் குடிச்ச தண்ணி

முதல் வீடு மரக்கடை முத்தையா அண்ணன் வீடு. ஓவர்சியர் வாரதுக்கு முந்துன நாளே நான் குழாயை ரொப்பி ஒரு தடவை சோதிச்சுக்கிருவேன். அதுக்கு நல்ல தண்ணி வேணும்னு கேட்டேன். அண்ணன் முகம் சுருங்கிப்போச்சு. "தண்ணி வாரதுக்குத்தானப்பா குழாய் போடுறோம்? தண்ணி இருந்தா நான் எதுக்குக் குழாய் போடுறேன்?"ன்னாரு. அவரு கேட்டதுல தப்பே இல்ல. ஆனா ஓவர்சியருக்கு அதை யாரு சொல்றது?

அவரு சம்சாரம் சிவகாமி அக்கா அடுப்படியில இருந்து குடம் குடமா எடுத்துக் குடுத்துச்சு. குடுக்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு. குழாய்க்குள்ள தண்ணிய அவசரமா ஊத்த முடியாது. மேல் வாயைத் திறந்து வச்சு, உள்ள இருக்குற காத்து முழுக்க வெளியேறுற வரைக்கும் நிதானமாத்தான் விடணும். காத்து நின்னுக்கிச்சுன்னா முள்ளு ஆட்டம் போடும். "இன்னுமா ரொம்பல? இன்னுமா ரொம்பல?"ன்னு அக்கா கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கடைசிக் குடத்தைக் கவுத்ததும் இடுப்புல கை வச்சு குழாயை ஏற இறங்கப் பாத்துச்சு.

"குடி வாரவன் அட்வான்ஸ் குடுப்பான்னு கேள்விப்பட்டிருக்கேன், இந்தக் குழாய் நம்மகிட்டயில்ல அட்வான்ஸ் கேக்குது!"

செய்யது காக்கா செஞ்ச சிக்கனம்

சிவகாமி அக்கா வீட்டுக் குடம் காலியான சேதி தெரு முழுக்கப் போயிருச்சு. அடுத்த வீடு செய்யது காக்கா வீடு. கருவாடும் சங்கும் வாங்கி விக்கிற பெரிய ஏவாரி. ரொம்ப நல்ல மனுசன். எனக்கு வேலை மிச்சம் பண்ணிக் குடுக்கணும்னு அவரா நெனைச்சாரு. இந்த மாதிரி நல்ல மனுசங்களை நெனைச்சாத்தான் எனக்கு இன்னைக்கும் பயம்.

காலையில நான் போறப்பவே குழாய் ரொம்பியிருந்துச்சு. காக்கா தாடியைத் தடவிக்கிட்டு, "எல்லாம் நேத்தே ரெடி தம்பி. ஒரு சொட்டு நல்ல தண்ணி செலவில்ல"ன்னாரு. ஒரு வாயைத் திறந்து விரலை விட்டு நாக்குல வச்சேன். உப்புக் கரிச்சுச்சு! அவரு கடைப் பசங்களை விட்டுக் கடல்ல இருந்து மொண்டாரச் சொல்லி ரொப்பியிருக்காரு. புதுக் குழாய், அப்பத்தான் மரை வெட்டுன இடமெல்லாம் பச்சைப் புண்ணு மாதிரி இருக்கும். உப்புத் தண்ணி பட்டா அங்கனதான் மொதல்ல அரிக்கும். ஓவர்சியர் பாத்தா என் பெர்மிட்டு அன்னைக்கே போச்சு.

பதறியடிச்சு எல்லாத்தையும் வடிச்சேன். நல்ல தண்ணி விட்டு அலசி, மறுபடியும் வடிச்சு, மறுபடியும் அலசி, அப்புறமா டெஸ்டுக்கு ரொப்புனோம். முத்தையா அண்ணன் வீட்டுல செலவானதை விட இங்கன ரெண்டு பங்கு தண்ணி போச்சு. தண்ணி வண்டிக்காரன் மட்டும் சந்தோசமாப் போயிட்டு வந்துக்கிட்டு இருந்தான். டெஸ்டுல முள்ளு அசையாம நின்னு தேறுன பிறகும் காக்காவுக்கு மனசு ஆறல.

"கடலுக்கடியில சங்கு காலம் பூராக் கிடக்கு, ஒண்ணும் ஆகல, ஒரு ராத்திரி அந்தத் தண்ணியில கிடந்ததுக்கே சீக்கு வரும்னா, உங்க குழாய் என்ன தம்பி ராசா வீட்டுப் புள்ளையா?"

ஆணிக்கு வேற இடமா இல்ல

செபஸ்தியம்மா பெரியம்மாவுக்கு ரெண்டு படகு சொந்தம். எங்க அம்மாவுக்கு ஒண்ணுவிட்ட அக்கா. உப்புக் காத்துல குழாய் துருப் பிடிச்சிரும்னு, சுவரை வெட்டிக் குழாயை உள்ள விடச் சொல்லிச்சு. நியாயமான பேச்சு. வெட்டுனேன், விட்டேன், தண்ணிய ரொப்பிச் சோதிச்சேன், ஒரு மூட்டுல கூட ஈரமில்ல. டெஸ்டு முடியாம மூட்டைப் பூசக் கூடாதுங்கிறது சட்டம். அதனால மூட்டு இருக்குற இடத்தை மட்டும் திறந்து விட்டு மத்ததை எல்லாம் பூசிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாச் சோறு தின்னேன். நிம்மதியாச் சோறு தின்னா என்ன நடக்கும்னு நம்ம தொழில்காரங்களுக்கு நான் சொல்லணுமா?

சாயங்காலம் எட்டிப் பாத்தா சுவரு நனைஞ்சு தரைக்குத் தண்ணி ஓடிக்கிட்டு இருக்கு. அதுக்கு மேல மாதா படம். படத்துக்கு மாலை. மாலைக்குப் பின்னால ஒரு ஆணி. அந்த ஆணி நேரா என் குழாய்க்குள்ள! சாதாரண ஆணி இல்ல, படகுப் பலகையில அடிக்கிற ஆணி. அத்தாம் பெரிய சுவத்துல ஒரு விரக்கடை இங்கிட்டு அடிச்சிருக்கலாம், அங்கிட்டு அடிச்சிருக்கலாம். குறி வச்சு அடிச்சாலும் அப்பிடி அடிக்க முடியாது.

மறுநாள் காலையில ஓவர்சியர் வாராரு. எனக்குக் கண்ணுல படகும் வாந்தியுமாத் தெரியுது. சுவரைப் பேத்து, ஓட்டை விழுந்த துண்டை அறுத்து எடுத்து, புதுத் துண்டு வச்சு முறுக்கி, விடியிறதுக்குள்ள முடிச்சேன். தூக்கம் இல்லாத கோவம் வேற. "பெரியம்மா, இந்தப் படத்தை மாட்ட வேற இடமே இல்லையா?"ன்னு கத்திட்டேன். பெரியம்மாவுக்கும் கோவம் வந்திருச்சு.

"வேற எங்கனலே மாட்டச் சொல்றே? உன் குழாயில தண்ணி வரணும்னு மன்றாடத்தானே மாட்டுறேன்!"

மஞ்சக் கசிவு

பலசரக்குக் கடை சுப்பையா அண்ணன் வீட்டுல நான் படு உஷாரா இருந்தேன். ஆணி, சுத்தியல் எல்லாத்தையும் வாங்கி என் பையில போட்டுக்கிட்டேன். மூட்டு மூட்டாத் துடைச்சுக் காயவச்சு, மேல சுண்ணாம்புப் பொடியைத் தூவி விட்டேன். எள்ளளவு கசிஞ்சாலும் பொடி நனைஞ்சு காட்டிக் குடுத்திரும். பொடி வெள்ளை வெளேர்னு இருக்கிறதைப் பாத்து எனக்கே ஒரு பெருமை. ஓவர்சியரைக் கூட்டியாரத் தெருமுனைக்குப் போனேன். போயிட்டு வர எவ்வளவு நேரமாகும்? அதுக்குள்ள சுப்பையா அண்ணன் சம்சாரத்துக்கு நல்ல நேரம் முடியப் போறது ஞாபகம் வந்திருக்கு.

வந்து பாத்தா ஒவ்வொரு மூட்டுலயும் குழைச்ச மஞ்சள், நடுவுல குங்குமம். சொட்டச் சொட்ட ஈரம். புதுசா வீட்டுக்கு வந்த பொருளாம்! பொடியெல்லாம் நனைஞ்சு களியாக் கிடக்கு. அதோட விட்டாங்களா? ஓவர்சியர் பம்பை மாட்டிட்டுச் செருப்பைக் கழட்டித் திரும்புறதுக்குள்ள மீட்டர் கண்ணாடிக்கும் சந்தனம் அப்பி நடுவுல பொட்டு வச்சுட்டாங்க. முள்ளு எங்கன நிக்குதுன்னு எனக்கும் தெரியல, அவருக்கும் தெரியல. "என்னய்யா இது, எல்லா மூட்டும் கசியுது?"ன்னு அவரு என்னைப் பாக்குறாரு. நான் துண்டை எடுத்து மீட்டரைத் துடைக்கிறேன், மூட்டைத் துடைக்கிறேன், என் நெத்தியைத் துடைக்கிறேன். துடைச்ச துண்டுல பாதி மஞ்சள் என் மூஞ்சிக்கு வந்திருச்சு. அன்னைக்கு ஓவர்சியரு ஒரு காபிக்கு ரெண்டு காபியாக் குடிச்சு, மூட்டெல்லாம் காஞ்சு, முள்ளு நின்ன இடத்துல நிக்குதுன்னு பாத்த பிறகுதான் தலையை ஆட்டுனாரு. இதையெல்லாம் பாத்துக்கிட்டு இருந்த அந்தம்மா ரொம்ப மனவருத்தத்தோட அவருகிட்டச் சொல்லிச்சு:

"கசியிறதைப் பாருங்கய்யா, வேண்டாங்கல, அதுக்காக நல்ல நாளும் அதுவுமா குழாயை மூளியாவா நிறுத்துறது?"

விருந்தோம்பல்

கடைசி வீடு மீனாட்சியம்மா வீடு. உள்நாட்டுல நஞ்சை புஞ்சையெல்லாம் வச்சிருந்து, மகன் பள்ளிக்கூடத்துக்காக இங்கன வந்து வீடு கட்டுனவங்க. அவங்க வீட்டுல வந்தவங்க டம்ளரைக் காலியாப் பாக்குறது குடும்பத்துக்கே அவமானம். இது எனக்கு முந்தியே தெரிஞ்சிருந்தா நான் கொழும்புக்கே நீந்திப் போயிருப்பேன்.

ஓவர்சியர் பம்பை அமுக்குனாரு. முள்ளு சிவப்புக் கோட்டுக்கு வந்துச்சு. காபி வந்துச்சு. பாதி டம்ளர் குடிச்சிருப்பாரு. நான் அடுப்படிப் பக்கம் திரும்புனா, அங்கன ஒரு வளைவு மூட்டுல குண்டூசித் தலையளவு தண்ணி மினுங்குது. டெஸ்டு நடக்கும்போது ரெஞ்சைத் தொடக் கூடாது. சீக்கிரம் குடிங்கய்யா, சீக்கிரம் குடிங்கய்யான்னு மனசுக்குள்ள கெஞ்சுறேன். அவரு டம்ளரைச் சாய்ச்சுக் கடைசி வாய் குடிக்கப் போனாரு. மீனாட்சியம்மா குனிஞ்சு ரொப்பிட்டாங்க.

மறுபடியும் குடிக்கிறாரு. மறுபடியும் ரொப்புறாங்க. நான் போதும் போதும்னு கண்ணால ஜாடை காட்டுனேன். தம்பிக்கும் வேணுமாம்னு எனக்கும் ஒரு டம்ளர் ஊத்துனாங்க. பணியாரம் வந்துச்சு. பணியாரத்துக்குத் தொட்டுக்க வந்துச்சு. காரமா இருக்குன்னு ஓவர்சியர் சொல்லப் போக, அதுக்கு இன்னொரு காபி வந்துச்சு. முள்ளு ஒரு மயிரிழை இறங்குன மாதிரி இருந்துச்சு. ஒரே ஒரு டம்ளர் காபியில முடிய வேண்டிய என் தலையெழுத்தை இந்தம்மா ஒரு பானை காபியில கரைக்கிறாங்களேன்னு அழுகையே வந்திருச்சு. அந்தோணியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தேன். பத்தாதுன்னு ஏர்வாடி தர்காப் பக்கம் திரும்பி அதுக்கும் ஒண்ணு நேர்ந்தேன்.

இலை போட்டுச் சோறே போட்டுட்டாங்க. அவரு மோர் சாதத்துக்கு வாரப்ப நான் செத்தவன் மாதிரி அந்த வளைவு மூட்டைத் திரும்பிப் பாத்தேன். காஞ்சு கிடக்கு! மரையில சுத்தியிருந்த சணல், தண்ணி குடிச்சுக் குடிச்சு ஊதி, அதுவா அடைச்சுக்கிருச்சு. ஒத்தக் காபியில எந்திரிச்சுப் போய்ப் பாத்திருந்தாருன்னா அந்த மினுக்கத்தைக் கண்டுபிடிச்சிருப்பாரு. மீனாட்சியம்மாவுக்குக் கும்பிடு போடுறதா, கோவப்படுறதான்னு தெரியாம நின்னேன். ஓவர்சியர் ரெண்டு கையையும் டம்ளர் மேல வச்சு மூடிக்கிட்டு, வீடு முழுக்க ஒரு சுத்து சுத்திட்டு, மீட்டரைப் பாத்தாரு. முள்ளு கோட்டோட கீழ் ஓரத்துல உக்காந்திருந்துச்சு. கோடுதான் தடியாப் போட்டிருந்தாங்களே, புண்ணியவானுங்க! அவரு ஏப்பம் விட்டுட்டுத் தீர்ப்புச் சொன்னாரு:

"குழாய் தாங்கிருச்சுய்யா, என்னாலதான் தாங்க முடியல."

திறப்பு விழாவுக்குப் பிறகு

லைசென்ஸ் வந்துச்சு. அருளப்பன் மச்சான்கிட்டக் கொண்டுபோய்க் காட்டுனேன். அவரு அதை வெயில்ல பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "சரி மாப்ளே, தண்ணி எப்ப வருது?"ன்னாரு. நான் அவருக்குப் பொறாமைன்னு நெனைச்சுக்கிட்டேன்.

சென்னையில இருந்து பெரிய மனுசர் ஒருத்தர் வந்து, மேடை போட்டு, மாலை வாங்கி, சக்கரத்தைத் திருப்பித் தண்ணியைத் திறந்து வச்சாரு. மேலத்தெருவுல எல்லா வீட்டுலயும் குழாயைத் திறந்து குடத்தை வச்சுக் காத்திருந்தாங்க. மொதல்ல புஸ்ஸுன்னு ஒரு சத்தம். அப்புறம் நூல் மாதிரி ஒரு ஒழுக்கு. அரைக் குடம் ரொம்புனதும் அதுவும் நின்னுபோச்சு. தண்ணி வாரது ரொம்பத் தூரத்துல இருந்தாம், எங்க ஊருக்கு வந்து சேருறதுக்குள்ள அதுக்குப் பிரஷர் இல்லையாம். ஆபீஸ்ல அப்பிடித்தான் சொன்னாங்க. குண்டு போட்டாலும் தாங்குற குழாயைப் பூட்டச் சொல்லி என்னைப் பாடாப் படுத்துன அதே ஆபீஸ்!

தெருவுல நான் தலையைக் காட்ட முடியல. லைசென்ஸை வச்சு என்ன பண்றது? தண்ணி வராத ஊருல இனிமே எவன் குழாய் பூட்டக் கூப்பிடுவான்? மச்சான் படகுல எனக்கு உக்கார ஒரு பலகையை மட்டும் துடைச்சு வச்சாரு. அதைப் பாத்ததும் கரையில நின்னுக்கிட்டே எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு. அந்த நேரம் பாத்து உப்பூர்ல இருந்து ஒரு விவசாயி என் வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. மகளுக்கு நிச்சயமாம், அவசரமா ரெண்டு குழாய் பூட்டணுமாம், அதுவும் லைசென்ஸ்காரன் கையாலதான் பூட்டணுமாம். "அய்யா, உங்க ஊருக்கு இன்னும் தண்ணித் திட்டமே வரலையே, குழாயைப் பூட்டி என்ன பண்ணப் போறீக?"ன்னு உள்ளதைச் சொல்லிட்டேன். அவரு என்னை ஒரு மாதிரியாப் பாத்தாரு, கொழும்பு வரைக்கும் போயிட்டு வந்தும் இவனுக்கு விவரம் பத்தலையேங்கிற மாதிரி.

"மாப்பிள்ளை வீட்டுக்காரக வீட்டுல குழாய் இருக்கான்னுதான் தம்பி கேட்டாக, தண்ணி வருதான்னு கேக்கலையே!"

அன்னையில இருந்து நான் படகு ஏறவே இல்ல. ஒரு சொட்டுக் கசியாத குழாய் பூட்டுறவன்னு இந்தச் சுத்துவட்டாரத்துல எனக்கு இன்னைக்கும் நல்ல பேரு, கசியுறதுக்கு உள்ள ஏதாவது வந்தாத்தானே அந்தப் பேரு கெடுறதுக்கு!